சாவிக்கட்டை

முதலாளியின் மகன் சின்னவர், கைப்பேசியில் வந்த பதிவை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். முதல் முறை கடகடவென்று. இரண்டாம் முறை ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, பெரியக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து.

"ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஒரு கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே பெண்களுக்கு ஒரே கழிப்பறை. அதற்கு ஒரே சாவி. அதை ஒரு மரக்கட்டையில் கட்டி வைத்திருப்பார்கள். போக வேண்டுமென்றால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். லோடு முடியாமல் தர மாட்டார்கள். ஒரு நாள் இரண்டு தடவை கேட்டேன். தரவில்லை. ரோலர் முன்னால் நின்றபடியே போய்விட்டது. மிச்ச நேரம் முழுக்க இடுப்பில் ஒரு படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தேன். முதலாளி பார்த்தார். சிரித்தார். அந்த விரிப்பில் படுக்கிறவர்களுக்கு இது தெரியட்டும்."

பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வட்டம். வட்டத்துக்குள் முகமில்லாத ஒரு தலை.

கூடத்தின் பெயரும் பதிவில் இல்லைதான். ஆனால் இந்த ஊரில் ஆஸ்பத்திரித் துணி வெளுப்பது ஒரே கூடம். சனிக்கிழமை காலை பதிவு வந்தது. மத்தியானத்துக்குள் யாரோ பெயரைக் கண்டுபிடித்துக் கீழே போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ கட்டடத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். திங்கட்கிழமை, கூடம் திறந்து அரை மணி நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். வியாழக்கிழமைக்குள் விளக்கம் வேண்டும்.

கூடத்துக்கு வரும் ஐந்து மூட்டையில் நான்கு ஆஸ்பத்திரி மூட்டை. அது நின்றால் முப்பத்திரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இதை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை.

"பொய்தானே இது?" என்றார் சின்னவர்.

"முதலாளி சிரிச்சார்ங்கறது பொய்," என்றாள் பெரியக்கா.

"மத்தது?"

"சாவி இருக்கறது உங்களுக்கே தெரியும்."

"சாவி எங்கதான் இல்ல? எங்க வீட்டுல இல்லையா? சாவி வெச்சிருக்கறது ஒரு குத்தமா?"

முதலாளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். இருபது வருஷமாகச் சர்க்கரை. முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து உள்ளே போய்விட்டு வருவார். அவர் அறைக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. அதற்குப் பூட்டு கிடையாது. தாழ்ப்பாளே சரியாக விழாது.

"நான் எப்பக்கா சிரிச்சேன்?" என்று கேட்டார். எங்கேயோ வைத்த கண்ணாடியைத் தேடுகிற குரல்.

"நீங்க சிரிக்கல."

"நான் அந்தப் பக்கமே வரதில்லையே."

"வரதில்ல."

"பாத்துக்கங்க," என்றார் முதலாளி. எழுந்து உள்ளே போனார்.

பெரியக்கா என்பது பெயரல்ல. கூடத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிட எட்டு வயது மூத்த முதலாளியும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம். ரோலரும் மடிப்பு மேசையும் அவள் பொறுப்பு. ரோலர் என்பது ஒரு கட்டில் நீளத்துக்கு இருக்கும் சூடான உருளை. இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் மூலைகளைப் பிடித்து உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள், காய்ந்து சுடச்சுட வருவதை வாங்கி மடிப்பார்கள். நான்கு பேரில் ஒருவர் நகர்ந்தாலும் உருளையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உள்ளே இருக்கும் விரிப்பு சூட்டில் கருகி மஞ்சளாகப் பழுத்துவிடும். பழுத்த விரிப்பை ஆஸ்பத்திரி வாங்காது.

பூட்டைப் போட்டவள் அவள்தான். துணி ஏற்ற வரும் வண்டிக்காரர்கள் ஆளில்லை என்று நினைத்துப் பெண்கள் கழிப்பறைக்குள் புகுந்துகொண்டிருந்த காலம் அது. ஒருத்தி உள்ளே இருக்கும்போதே ஒருவன் கதவைத் தள்ளினான். அன்று சாயங்காலமே பெரியக்கா கடைக்குப் போய்ப் பூட்டும் கொண்டியும் வாங்கி வந்தாள். முதலாளியிடம் சொன்னாள். "நல்லது. பாத்துக்கங்க," என்றார்.

சாவி இரண்டு தடவை, வேலைக்குக் கட்டும் முன்துணியின் பையில் யாரோடோ வீட்டுக்குப் போய்விட்டது. மூன்றாம் தடவை சாக்கடையில் விழுந்தது. பாய்லர் பார்க்கிற ஆள், அவர் பேரே பாய்லர்தான், உடைந்த பலகையிலிருந்து ஒரு முழக்கட்டையை அறுத்து, துளை போட்டு, சாவியைக் கம்பியால் கட்டிக் கொடுத்தார். "இத எவளும் முந்தானையில முடிஞ்சிட்டுப் போக முடியாது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டை பெரியக்காவின் மேசைக்கு மேல் ஆணியில் தொங்கியது.

லோடு முடிந்தபிறகுதான் சாவி என்ற விதி எப்போது வந்தது என்று அவளுக்கே ஞாபகமில்லை. ஒரு தடவை பத்து விரிப்பு பழுத்தது. சின்னவர் அப்போதுதான் வியாபாரத்துக்குள் வந்திருந்தார். "இடையில யாரும் நகரக் கூடாது" என்றார். அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி, "பாத்துக்கங்க," என்றார். அவள் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் சின்னவர் எல்லோரையும் மடிப்பு மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். அதிலிருப்பதை அவரவர் கைப்பேசியில் அந்தப் பதிவுக்குக் கீழே எழுத வேண்டும். கைப்பேசி சரிப்படாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். துண்டுக் காகிதம் எல்லாவற்றிலும் ஒரே வரிதான்.

"'எங்கள் முதலாளி எங்களுக்குத் தந்தையைப் போன்றவர்,'" என்று ரேடியோ உரக்க வாசித்தாள். ரேடியோ துவைக்கும் பக்கத்துப் பெண். காலை ஏழு மணிக்குத் திறந்த வாய் மாலைதான் மூடும். "தம்பி, நான் உங்கப்பாவுக்கு மூணு வயசு பெரியவ."

"பரவால்ல, போடுங்க."

"எனக்கு அவர் அப்பான்னா எங்கப்பாவுக்கு அவர் என்ன முறை?"

"ரேடியோ, போட்டுத் தொலை," என்றார் பாய்லர்.

பதினான்கு பேர் போட்டார்கள். பதினான்கும் ஒரே வரி, ஒரே இடத்தில் ஒரே புள்ளி. செவ்வாய்க்கிழமை காலை அதற்குக் கீழே ஊர்க்காரர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "பதினாலு பிள்ளையா? அந்த அம்மா பாவம்." இன்னொருவர்: "அப்பா சாவி குடுத்தாரா, இல்ல லோடு முடியணுமா?" இதற்கு மட்டும் முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள்.

சின்னவருக்கு முகம் செத்துப்போயிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. மூன்று நாளாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

"யார்னு தெரிஞ்சா போதும்," என்றார். "கூப்பிட்டுப் பேசி எடுக்கச் சொல்லிடலாம். உங்களுக்குத் தெரியாம இருக்காது பெரியக்கா."

"எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க தம்பி."

பிடி கொடுக்காமல் சொன்னாள். யார் என்று முதல் வரி வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது.

பென்சில். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகி வைத்திருப்பாள். மூட்டைச் சீட்டில் எழுத. முப்பது வயது இருக்கும். இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதத்தில் வேலைக்கு வந்தாள். நல்ல கை. விரிப்பின் நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். வந்த வாரமே, "அக்கா, எனக்கு முன்ன மாதிரி அடக்க முடியறதில்ல," என்று காதோடு சொல்லியிருந்தாள். பெரியக்காவுக்கும் ஒரு பிள்ளை. அது எப்படி இருக்கும் என்று தெரியும். "பாத்துக்கலாம்," என்றிருந்தாள்.

அன்றைக்கு முதலாளியின் மனைவிக்குக் கண் ஆபரேஷன். அவர் காலையிலேயே போய்விட்டார். சின்னவரும் கூடப் போனார். கூடத்தின் சாவிக் கொத்து முழுக்கப் பெரியக்காவிடம். ஒருத்தி லீவு. மாற்றி நிற்க ஆளில்லை. அறுவை அறை விரிப்புகள் நூற்றிருபது, மத்தியானம் வண்டி வரும். பதினொரு மணிக்குப் பென்சில் கேட்டாள், "அக்கா, சாவி." பெரியக்கா சொன்னாள், "இந்த லோடு முடியட்டும்மா." இன்னும் அறுபது இருந்தது.

இரண்டாம் தடவையும் கேட்டதாகப் பதிவில் இருக்கிறது. ரோலர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பெரியக்கா அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

லோடு முடிந்து திரும்பினாள். பென்சில் நின்ற இடத்திலேயே நின்றாள். கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு.

"தண்ணி கொட்டிடுச்சுக்கா," என்றாள்.

சலவைக்கூடத்தில் எங்கும் தண்ணீர்தான். ஆனால் ரோலரின் அந்தப் பக்கம் மட்டும் தரை எப்போதும் காய்ந்திருக்கும். பெரியக்கா எந்தத் தண்ணீர் என்று கேட்கவில்லை. கிழிசல் மூட்டையிலிருந்து ஒரு விரிப்பை உருவிக் கொடுத்தாள். "கட்டிக்க," என்றாள். பிறகு அடுத்த லோடு வந்தது.

ஒரு மாதம் கழித்து, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று பென்சில் நின்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். புருஷன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகத்தில் கல். பெரிய பாட்டிலில் தண்ணீரை வைத்துக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல் முகம் சுளித்துச் சுளித்துக் குடிப்பார்.

"என்ன, உங்க அப்பா என்ன சொல்றார்?" என்றார்.

"நான் அந்த வரியப் போடல."

"நல்லது. நமக்குப் பதினாலு பங்காளி வேணாம்."

அவள் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"விட்டுடு," என்றார். "நாலு நாள் குதிப்பானுங்க. அப்புறம் வேற எவனாவது மாட்டுவான். அவனப் பிடிச்சுக்குவானுங்க."

"வியாழக்கிழமைக்குள்ள பதில் குடுக்கணும். ஆஸ்பத்திரி போச்சுன்னா எல்லாம் போச்சு."

"சின்னவன் குடுப்பான்."

"அவனுக்கு என்ன தெரியும்? அந்த மனுஷன் சிரிக்கல. அங்க இல்லவே இல்ல. செய்யாத ஒண்ணச் செஞ்சார்னு ஊரே பேசுது." இடது கையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி வழவழவென்றிருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரோலர் பிடித்த கை. "இது வெந்தப்ப மூணு நாள் வார்டு வாசல்ல உக்காந்திருந்தார். நீங்க வெளியூர் வண்டியில போயிருந்தீங்க. ஒரு பேச்சுப் பேசல. பெஞ்சுல சும்மா உக்காந்திருந்தார்."

"யார் இல்லன்னா? நல்ல மனுஷன்தான்." பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். "ஆனா அந்தப் பொண்ணு கேட்டது நிஜந்தானே?"

அவள் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டாள்.

"நான் முப்பது வருஷம் அடக்கித்தான் ஓட்டினேன். இந்த முனையில ஏறினா அந்த முனையில எறங்கறது. அடக்குறது எப்படின்னு எங்கிட்டக் கேளு. இப்ப பாரு, உள்ள ஒரு கல் குவாரியே இருக்கு." எழுந்தார். "யார்மேலயும் கேஸ் போடல. யார்மேல போடறது? டைம் டேபிள்மேலயா?"

அவர் உள்ளே போனார். அவள் எழுதினாள். அழித்தாள். எழுதினாள். சின்னவர் பாணியில் குடும்பம் என்றெல்லாம் எழுத வரவில்லை. அவளுக்குத் தெரிந்தது நடந்ததைச் சொல்வதுதான். கடைசியில் இப்படி நின்றது:

"நான் இங்கே இருபத்திரண்டு வருஷமாக ரோலர் பொறுப்பில் இருக்கிறேன். இரண்டு மாதம் முன்னால், ஏழாம் தேதி வியாழக்கிழமை, முதலாளி கூடத்தில் இல்லை. அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன். காலை எட்டு மணிக்குப் போனவர் இரவுதான் வீடு வந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. அவர் பார்க்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சாவி என்னிடம்தான் இருந்தது. அவர் மேல் பழி போட வேண்டாம்."

தன் பெயரில், தன் படத்தோடு போட்டாள். படம் என்றால் ஒரு ரோஜாப்பூ. மகள் வைத்துக் கொடுத்தது.

போட்டபிறகு உடம்பு லேசானது. செருப்பைக் கழற்றினாள்.

புதன்கிழமை காலை அவள் வாசலுக்குள் நுழைவதற்கு முன்பே ரேடியோ ஓடி வந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. இதுவரை நடக்காத விஷயம். பெரியக்காவின் தோளைத் தொட்டுவிட்டு, அலுவலகத்தைக் கண்ணால் காட்டினாள்.

சின்னவர் கைப்பேசியை மேசைமேல் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"படிங்க."

அவள் எழுதியதற்குக் கீழே சாம்பல் நிற வட்டம்.

"நான் தேதி எதுவும் எழுதலியேக்கா."

அவ்வளவுதான் முதல் பதில். இரண்டு நிமிஷம் கழித்து இன்னொன்று.

"நீங்க ஏன் நடுவுல வந்தீங்க? உங்கள விட்டுட்டுத்தானே எழுதினேன். உங்களச் சொல்ல மனசு வரல. அதான் அவரச் சொன்னேன்."

பெரியக்கா இரண்டையும் படித்தாள். மறுபடி முதல் பதிலைப் படித்தாள்.

"ஒரு நாள்னுதான் இருந்துச்சு," என்றார் சின்னவர். குரலை உயர்த்தவில்லை. அதற்குத் தெம்பில்லை. "ஒரு நாள். எந்த நாள்னு ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு நான் லெட்டர் அடிச்சு வெச்சிருந்தேன். நீங்க கெழமையோட எழுதிட்டீங்க."

"உங்கப்பா இல்லன்னு சொல்ல வேற எப்படிப்பா சொல்றது?"

"சொல்லாம இருக்கணும்." முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "அழிச்சிடலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள எல்லாரும் படம் எடுத்து வெச்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்காரங்களே எடுத்து வெச்சிருக்காங்க. எட்டு மணிக்கு போன்."

"என்ன சொன்னாங்க?"

சின்னவர் அப்பாவைப் பார்த்தார். முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வண்டியில் அழுக்கு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"முதலாளிக்குச் சம்பந்தமில்லன்னு புரிஞ்சுதாம்," என்றார் சின்னவர். "அது வரைக்கும் சரியாம். பொறுப்புல இருந்தவங்கமேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேக்கறாங்க. நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்."

உள்ளே யாரோ துவைக்கும் எந்திரத்தின் கதவை அறைந்து மூடினார்கள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்ல வந்தார். மென்று முழுங்கினார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மறுபடி சொல்ல வந்தார்.

வார்டு வாசல் பெஞ்சில் மூன்று நாள் அவர் உட்கார்ந்திருந்தது இப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கும் அவருக்குப் பேச வரவில்லை. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

அவள்தான் முடித்து வைத்தாள்.

"நானே எழுதித் தந்துடறேன்," என்றாள். "என் தப்புதான்னு. நின்னுக்கறேன்னு."

சின்னவர் சட்டென்று நிமிர்ந்தார். "நிக்க வேணாம் பெரியக்கா. கொஞ்ச நாளைக்கு மட்டும். ரெண்டு மாசம். எல்லாம் அடங்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிப்பா."

"உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"காகிதம் குடு."

எழுதினாள். நான்கு வரி. கையெழுத்துப் போட்டாள். இது நேற்று எழுதியதைவிடச் சுலபமாக இருந்தது. முதலாளி அதை வாங்கிக் கடைசி வரை படித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்தது.

"பெரியக்கா," என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"இன்னிக்கு லோடு..."

"முடிச்சுட்டுத்தான் போவேன்."

"பாத்துக்கங்க," என்றார். எழுந்து உள்ளே போனார். தாழ்ப்பாளை இரண்டு தடவை தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது. விழவில்லை.

அவள் மேசைக்குப் போனாள். ஆணியில் கட்டை தொங்கியது. பல வருஷக் கை பட்டு ஒரு பக்கம் கறுத்துப் பளபளத்தது. அதை எடுத்துக்கொண்டு பாய்லரிடம் போனாள்.

"ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."

"எதுக்கு?"

"பூட்டக் கழட்ட."

பாய்லர் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். "முதலாளி சொன்னாரா?"

"அவர் போடவும் சொல்லல. கழட்டவும் சொல்லல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கூடம் முழுக்க விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ரேடியோ பேசாமலேயே.

"இருங்க, நான் வரேன்," என்றார். "துருப் பிடிச்சிருக்கும். உங்களால ஆகாது."

"கதவை உள்பக்கமா சாத்தறதுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடணும். வண்டிக்காரனுங்க வருவானுங்க."

"போடறேன்."

நான்கு ஸ்க்ரூவில் மூன்று வந்தன. நான்காவது தலை உடைந்து மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பாய்லர் கொண்டியை முறுக்கிப் பிய்த்தார். கதவில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தடம் தெரிந்தது. கட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் அறுத்த கட்டை. எங்கே போடுவது என்று தெரியாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்கு ரோலரின் அந்தப் பக்கம் நின்ற பெண் ஒருத்தி வந்து அவள் மேசை முன்னால் நின்றாள். கையை நீட்டினாள்.

"பூட்டு இல்ல. போ," என்றாள் பெரியக்கா.

பெண் ஆணியைப் பார்த்தாள். வெறும் ஆணி. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடக்கிக்கொண்டாள்.

"லோடு ஓடுதேக்கா."

"உன் எடத்துல நான் நிக்கறேன். போ."

"சரிக்கா." அவள் இரண்டடி போய்த் திரும்பினாள். "போயிட்டு வரட்டா?"

பெரியக்கா எழுந்து ரோலர் பக்கம் போனாள். வருஷக்கணக்காகப் பொறுப்பு என்று ஓரமாக நின்றவள். வெந்த கை சூட்டைத் தாங்குமா என்று சந்தேகமாக இருந்தது. தாங்கியது. சுடச்சுட வந்த விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்தாள். எதிரே நின்றவள் மற்ற இரண்டைப் பிடித்தாள். இங்கே நின்றால் மடிப்பு மேசை எவ்வளவு பக்கம் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. எட்டு அடி இருக்காது. அங்கே ஒருவர் முதுகைக் காட்டி நின்றால் அந்த முதுகு அசைவதுகூடத் தெரியும். கூப்பிட்டால் தோள் ஒரு தடவை இறுகுவதும் தெரியும்.

பெண் மூன்று நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். விரிப்பு எதுவும் பழுக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பெரியக்கா சுவரோரம் மூட்டைமேல் உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தாள். அவள் எழுதியதற்குக் கீழே ஊர்க்காரர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். முதலாளியை விட்டுவிட்டு இப்போது அவளைப் பிடித்திருந்தார்கள். ஒருத்தர் அவளைப் பேய் என்றிருந்தார். ஒருத்தர் ரோஜாப்பூவைப் பார்த்து, முள்ளை மறந்துட்டியே என்றிருந்தார். அதையெல்லாம் தாண்டி மேலே போய்ச் சாம்பல் நிற வட்டத்தை விரலால் தொட்டாள். தனியாக எழுத ஒரு கட்டம் திறந்தது.

பென்சில் என்று எழுதினாள். அழித்தாள். அம்மா என்று எழுதினாள். அதையும் அழித்தாள். மன்னிச்சுடு என்பது விரலுக்கு வரவில்லை. அதை வாங்கிக்கொள்கிற வேலையும் அந்தப் பெண்ணுக்கு எதற்கு என்றிருந்தது.

கடைசியில் எழுதினாள்.

"ரெண்டாவது தடவை நீ கூப்பிட்டது எனக்குக் காதுல விழுந்துச்சு."

அனுப்பினாள். கைப்பேசியை முன்துணிப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். ரோலரில் இன்னும் முப்பது விரிப்பு இருந்தது.